கண்டி வாவிக்கரையும் எங்கள் ஆட்களும்

கண்டி வாவியைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள், எங்கே போனாலும் அதே நாலு வரிதான் வரும். 1807இல் கடைசி ராஜா கட்டினார், சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நடுவில் ஒரு சின்னத் தீவு, பக்கத்தில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை. அப்புறம் ஒரு அந்திநேரப் படம். இதை வாசித்துவிட்டு வருகிற தமிழ்நாட்டுக்காரர்கள் குயின்ஸ் ஹோட்டல் முனையில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், மாளிகைக்குள் போய் வருவார்கள், வேனில் ஏறி நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். இந்தக் கரையைச் சுற்றி எவ்வளவு தமிழ்க் கதை கிடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லப்போனால் மலையகத்துக்காரர்களான எங்களுக்கே பாதி தெரியாது.

நான் கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். வேலைக்காகக் கண்டிக்கு வந்து, இப்போது அம்பிட்டிய வீதியில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். டவுனுக்குப் போக வர வாவியை ஒட்டித்தான் நடக்க வேண்டும். பஸ்ஸில் போனால் நேரம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் வாவி. இது தானாக உண்டானது இல்லை. அரண்மனைக்கு முன்னால் இருந்தது வயல், திகொல்வெல என்று பெயர். சுற்றிலும் மலை, நடுவில் சேறு. அரண்மனைப் பக்கத்திலிருந்து எதிர்க்கரையில் மல்வத்தைப் பிக்குகளின் பொயமலு விகாரைக்குப் போக ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த வயலுக்குக் குறுக்கே ஒரு அணை போட்டார். அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, அப்படியே வேலை பெரிதாகி, வாவியாகிவிட்டது. பிறகு அந்தப் பழைய அணையை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, நடுவில் மிஞ்சிய துண்டைத் தீவாக விட்டார்கள் என்று சொல்வார்கள். வேலையை நடத்திய சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. மாளிகைக்கு முன்னால் எட்டு மூலையோடு நிற்கிற பத்திரிப்புவ மண்டபமும் அவர் கைவேலைதான். இலங்கையை விளம்பரப்படுத்துகிற எந்தப் படத்திலும் அது இருக்கும்.

கரையோரம் மேகம் சுருண்டது மாதிரி வளைவு வளைவாக ஒரு வெள்ளைச் சுவர் ஓடுகிறதே, அதற்கு வலாகுலு பம்ம என்று பெயர், மேகச் சுவர். அதில் முக்கோணப் பொந்துகள் இருக்கின்றன, திருவிழா இரவில் விளக்கு வைக்க. வாவியைச் சுற்றி நடந்தால் ஒரு இடத்தில் இந்தச் சுவர் நின்றுபோவதைக் காணலாம். நகரசபை காசில்லாமல் நிறுத்திய வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவர் முடிவதற்குள் ராஜாவின் ஆட்சி முடிந்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் யாரும் மீதியைக் கட்டவில்லை, அதுவும் நல்லதுதான்.

வாவி வெட்டியதில் ராஜாவுக்குப் பெயர் கெட்டதுதான் மிச்சம். ராஜகாரியம் என்ற வழக்கத்தில் சனங்களைக் கூலியில்லாமல் வேலைக்கு இழுத்தார்கள். எதிர்த்த பிரதானிகள் சிலரை அந்த வாவி மண்ணிலேயே கழுவேற்றினார் என்றொரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகளைக் கேட்கும்போது யாருக்கு அதனால் இலாபம் என்றும் பார்க்க வேண்டும். ராஜாவை இறக்கி நாட்டை எடுத்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரனுக்கு ராஜா கொடுங்கோலனாக இருப்பது வசதியாக இருந்தது. அதற்காக ராஜாவை வெள்ளையடிக்கவும் முடியாது. 1814இல் எகலப்பொல என்ற திசாவையின், அதாவது மாகாணத் தலைவரின், பெண்சாதி பிள்ளைகளைக் கொன்றது நடந்த விஷயம். பெரிய பிள்ளை பயந்து தாயின் பின்னால் ஒளிய, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்று இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்காத பிள்ளை கிடையாது. தாயைப் போகம்பறை வாவியில் அமுக்கினார்கள் என்பார்கள். அந்த வாவி இப்போது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தூர்ந்து மைதானமாகிவிட்டது.

ராஜாவின் பிறவிப் பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிச் சொந்தம். கண்டி ராஜாக்கள் பல தலைமுறையாகத் தென்னிந்தியாவிலிருந்து ராணிகளை எடுத்தார்கள். 1739இல் நேரடி வாரிசு இல்லாமல் போனபோது ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார். அதிலிருந்து 1815 வரை நாலு பேர். எங்கள் பொடியன்கள் ஃபேஸ்புக்கில் ‘கண்டியை ஆண்ட தமிழ் மன்னன்’ என்று வாளோடு படம் போடுகிறார்கள். பார்க்கும்போது சிரிப்பு வரும். நாயக்கர்களுக்கு வீட்டு மொழி தெலுங்கு, தமிழும் புழங்கியது, ஆண்டது சிங்கள அரசை, காத்தது பௌத்தத்தை. இரண்டாவது நாயக்க ராஜாவான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, இங்கே அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குத் தீட்சையைத் திரும்ப ஏற்படுத்தினார்கள். பெரஹெர என்ற திருவிழா ஊர்வலத்தில் தலதாவை முன்னால் கொண்டுவந்ததும் அவர் காலம்தான். இதைச் சொன்னால் அந்தப் பக்கமும் சிலருக்குப் பிடிக்காது, இந்தப் பக்கமும் சிலருக்குப் பிடிக்காது. என்ன செய்ய, கண்டி அப்படித்தான்.

மாளிகைக்குக் கிழக்கே ஒரு வீதி இருக்கிறது. இப்போது பலகையில் இருப்பது ஸ்ரீமத் குடா ரத்வத்த மாவத்தை. பழைய ஆட்களைக் கேட்டால் மலபார் வீதி என்பார்கள். ராஜாவின் நாயக்கச் சொந்தக்காரர்கள் வரிசையாக வீடு கட்டி இருந்தது அங்கேதான். தமிழ் பேசுகிற எவரையும் ஐரோப்பியர்கள் அப்போது மலபார் என்றுதான் எழுதினார்கள். இன்றைக்கு அந்த வீதியில் நடந்தால் நாயக்கர்கள் இருந்ததற்கு ஒரு தடயமும் தெரியாது. சாதாரண வீடுகள், ஓட்டோக்கள், நாய்கள். எனக்கு அந்த வீதி பிடிக்கும், சத்தம் கொஞ்சம் குறைவு.

1815 பெப்ரவரி 18ஆம் திகதி ராஜா பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி, மாளிகை வளவுக்குள் இன்றும் நிற்கிற மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் ஆனது. அந்த ஒப்பந்தத்தில் சில சிங்களப் பிரதானிகள் தமிழ் எழுத்துக் கலந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் சண்டைக்கு ஒரு விஷயம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதிலிருக்கிற இன்னொரு பகுதி: ராஜாவின் வம்சத்துக்கு இனி உரிமை இல்லை, அந்தச் சொந்தக்கார ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டிப் பிரதேசத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. 1816 ஜனவரியில் ராஜாவையும் ராணிகளையும் கப்பலேற்றி, மெட்ராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே செத்தார். வேலூரில் பாலாற்றுப் பக்கம் 1990இல் தமிழ்நாடு அரசு கட்டிய முத்துமண்டபம் இருக்கிறது. போன வருஷம் எனக்கு ஒரு சொந்தக்காரப் பையன் அதை வீடியோ எடுத்து அனுப்பினான், ‘மாமா, உங்க ஊர் ராஜா’ என்று. அந்தப் பையன் எப்படி அந்தப் பக்கம் இருக்கிறான் என்பதுதான் நான் சொல்ல வந்த கதையே. அதற்கு முன்னால் வெள்ளைக்காரனைக் கொஞ்சம் கடந்து போக வேண்டும்.

அவன் வாவிக்கரையை வேறு மாதிரி ஆக்கினான். தீவில் ராஜா வைத்திருந்த மண்டபத்தை வெடிமருந்துக் கிடங்காக்கினான். ராணிகள் குளிக்கக் கட்டியிருந்த உல்பெங்கே, தண்ணீரை ஒட்டி நிற்கிற அந்த அழகான கட்டிடம், நூல்நிலையமாகிப் பிறகு பொலிஸ் கைக்குப் போனது. மாளிகைக்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் சென்ட் போல்ஸ் கோயில் வந்தது. மேற்கு முனையில் குயின்ஸ் ஹோட்டல். 1876இல் போகம்பறைச் சிறைச்சாலை. அது 2014 தொடக்கத்தில் மூடப்படும்வரை ஊர் நடுவில் மதிலும் கம்பியுமாக இருந்தது, பஸ் நிலையத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்த மதிலை ஒட்டித்தான் நடந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை 1944இல் இங்கே கொண்டுவந்தார், பேராதனைப் பூங்காவில். தென்கரையிலிருக்கிற ஹோட்டல் சுவிஸ் அப்போது படை ஆட்களால் நிறைந்திருந்தது. மேலே வேஸ் பார்க்கில் ஒரு ஜப்பான் பீரங்கி கிடக்கிறது, பர்மாப் போரில் பிடித்தது. சின்னப் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள், பீரங்கிக்கு இதைவிட நல்ல ஓய்வுகாலம் வேண்டியதில்லை.

சரி, எங்கள் ஆட்கள்.

ராஜா வேலூருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகுமுன்னே கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிவிட்டது. ராஜாவின் ஆட்களைக் கண்டியிலிருந்து கப்பலேற்றிய அதே அரசாங்கம், அதே தென்னிந்தியாவிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கண்டிக்குக் கூட்டிவர வழிவிட்டது. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று பல பக்கத்திலிருந்தும் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த முழு மலைநாடுமே கண்டிச் சீமைதான். தோட்டத்துப் பாட்டுகளில் ஹட்டனும் பதுளையும் கண்டிக்குள்தான் அடக்கம். தோட்டத் துரைமார் 1854இல் சங்கம் கட்டியதும் கண்டியில்தான். 1867இல் கோச்சி, அதாவது ரயில், கண்டிக்கு வந்ததும் சனங்கள் ஏற அல்ல, கோப்பி மூட்டை இறங்க. அதே வருஷம்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். அது எங்கள் தோட்டத்துக்கு மேலே கொஞ்சத் தூரம்தான்.

டவுனுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. ரோட்டைக் கூட்ட, கான் வெட்ட, மலக்கூடை தூக்க. மஹியாவவில் இன்றைக்கும் நெருக்கமாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பலருடைய பாட்டன் பூட்டன் அந்த வேலைக்கென்று நகரசபைக்கு வந்தவர்கள். கண்டி சுத்தமான ஊர் என்று யாராவது பாராட்டினால் அந்தப் பாராட்டு முதலில் போக வேண்டிய விலாசம் மஹியாவ. போவதில்லை. அங்கேயிருந்து வேலை தேடிப் போகிற பிள்ளை விலாசத்தை மாற்றி எழுதுகிறது, எனக்கே தெரிந்த ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

1948இல் சுதந்திரம் வந்த அதே வருஷம் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். ‘பிறகு’ என்பது 1974. அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு எழுதிப் போட்டவர்கள் பாஸ்போட்டுக்குக் கண்டிக்கு வர வேண்டும். இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் விஷயத்துக்கென்று 1920களிலேயே கண்டியில் தன் பிரதிநிதியை வைத்துவிட்டது. அதன் வழிவந்த உதவி உயர்ஸ்தானிகராலயம் இப்போது இருப்பது ராஜபிஹில்ல மாவத்தையில், வாவியை மேலிருந்து பார்க்கிற அந்த ரோட்டில். வாவியைப் படம் எடுக்க எல்லா வேனும் போய் நிற்கிற ரோடும் அதுதான்.

அப்பாயி, அப்பாவின் அம்மா, அந்தக் காலத்தில் தாத்தாவோடு கண்டிக்கு வந்ததைச் சொல்வார். விடிய முந்தித் தோட்டத்திலிருந்து இறங்கி, சோறு கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் போட்டோ பிடித்து, யாரோ ஒரு ஐயா காசு வாங்கிக்கொண்டு ஃபாரம் நிரப்பிக் கொடுத்து, அப்புறம் நின்று நின்று நின்று. ‘கண்டியில என்ன பாத்தீங்க அப்பாயி?’ என்று கேட்டால், ‘கொளத்துல மீனு பாத்தேன். பாண் பிச்சிப் போட்டா கூட்டமா வந்திச்சு. ஒங்கப்பன் இன்னொரு பாண் வாங்கித் தான்னு அழுதான்’ என்பார். அவருடைய தங்கை குடும்பத்துக்கும் அதே சமயத்தில்தான் எழுதினார்கள். தங்கை குடும்பம் போய்விட்டது. ‘நீங்க ஏன் போகல?’ ‘ஒங்க தாத்தா பேப்பர வாங்கியாந்து பொட்டியில வச்சிப் பூட்டிட்டாரு. அதுக்கப்புறம் அதப்பத்திப் பேசல. நானும் கேக்கல.’ அவ்வளவுதான் விளக்கம். நாங்கள் இங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு பூட்டு.

போனவர்கள் ஏறிய தலைமன்னார் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. கோச்சிக்குள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் செத்த வீட்டில் மாதிரி ஒப்பாரி வைத்து அழுததால் வந்த பெயர். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. அப்பாயியின் தங்கை குடும்பம் கூடலூருக்குப் போனது. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரிப் பக்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. ஆக இங்கே கொழுந்து பறித்தவர்கள் அங்கேயும் போய்க் கொழுந்துதான் பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். வேலூரில் வீடியோ எடுத்த பையன் அந்தத் தங்கையின் பேரன். ராஜாவைத் தாய்நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று 1816இலும் யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ.

இதனால்தான் ராஜபிஹில்ல மாவத்தையில் நின்று வாவியைப் பார்க்கிறபோது எனக்கு அந்தப் படம் எடுக்கிற ஆசை வருவதில்லை. கீழே தெரிவது ஒரு ராஜா விட்டுப் போன வீடு. நிற்கிற ரோடு அந்த வழியில் பின்னால் போனவர்களுடைய காகிதம் இன்னும் இருக்கிற ரோடு. நாடற்றவர் என்ற நிலைமை சட்டப்படி முழுசாக முடிய 2003 வரை ஆனது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பாயி உயிரோடு இருந்தார், அதற்கென்று தனியாக ஒன்றும் சந்தோஷப்படவில்லை. அடையாள அட்டையில் படம் கறுப்பாக வந்துவிட்டது என்றுதான் குறைப்பட்டார்.

டவுன் தமிழர் கதை தனி. கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில், திருகோணமலை வீதிக் கடைகள், காசல் ஹில் வீதி நகைக்கடைகள், பக்கத்து வீதிகளில் முஸ்லிம்களுடைய புடவைக்கடைகள், மீரா மக்காம் பள்ளிவாசல். 1983 ஜூலையில் அந்த இரண்டு வீதியிலும் தமிழ்க் கடைகள் எரிந்தன. திரும்பி வந்து திறந்தவர்கள் உண்டு, மெட்ராஸுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் உண்டு. பெயர்ப்பலகையில் தமிழைச் சின்னதாக்கியவர்களும் உண்டு, அந்தச் சின்ன எழுத்து பல கடைகளில் இன்னும் பெரிதாகவில்லை.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மாளிகை வாசலில் புலிகளின் குண்டு லொறி வெடித்தது. சாமி கும்பிட வந்த சனங்கள் செத்தார்கள். ஐம்பதாவது சுதந்திர தின விழாவைக் கண்டியில் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது, அதைக் கொழும்புக்கு மாற்றினார்கள். தோட்டத்தில் எங்களுக்கு வந்த கட்டளை ஒன்றுதான்: டவுனுக்குப் போகாதே. போனால் தமிழில் சத்தமாகப் பேசாதே. பஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் நானும் தங்கச்சியும் கொஞ்சக் காலம் ஒருவரை ஒருவர் சிங்களத்தில் ‘அய்யா’ (அண்ணன்), ‘நங்கி’ (தங்கச்சி) என்று கூப்பிட்டோம். அவளுக்கு இப்போதும் என் ஃபோனில் நங்கி என்றுதான் பெயர் இருக்கிறது.

மாளிகைக்கு முன்னால் போகிற ரோட்டை அன்றைக்கு மூடினார்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் வாகனத்துக்குத் திறக்கவில்லை. நடப்பவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் முன்பு வடகரையால் போன வாகனம் எல்லாம் இப்போது தென்கரையில், சங்கராஜ மாவத்தையில். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒற்றை ரோட்டில் காலையில் ஸ்கூல் வேன், தென்னகும்புர பஸ், டூரிஸ்ட் கோச், பொறுமையில்லாத ஓட்டோ எல்லாம் ஒரே வரிசை. நான் அம்பிட்டிய வீதிச் சந்தியிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு முன்னால் புறப்பட்ட பஸ் வருகிறது. கண்டி ட்ராஃபிக்குக்கு எத்தனை திட்டம் வந்தாலும் ஊர் ஒரு கிண்ணம், விளிம்பை அகலமாக்க இடமில்லை. ரோட்டைத் திறந்தால் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திறந்தால் அங்கேயும் இதே வரிசைதான் நிற்கும், நடக்கிற இடமும் போய்விடும்.

மற்றபடி வாவிக்கரை நல்ல இடம், ஒரு எச்சரிக்கையோடு. கரையோர மரங்கள் முழுக்கக் கொக்கும் நீர்க்காகமும். அடியில் நடைபாதை வெள்ளையாக இருந்தால் அது சுண்ணாம்பு இல்லை. வெயிலோ மழையோ இல்லாத நேரத்திலும் குடை பிடித்துப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதே குடைக்குக் கீழே பெஞ்சில் சோடி சோடியாக இருப்பவர்களுக்கு வேறு காரணம். கண்டியில் காதலிக்க வேறு இடமே இல்லை என்ற மாதிரி தலைமுறை தலைமுறையாக இங்கேதான் வருகிறார்கள். எங்கள் தோட்டத்திலேயே அப்படிக் குடையில் தொடங்கிய கல்யாணங்கள் இருக்கின்றன, பெயர் சொன்னால் அடி விழும். வேலிக்கல்லில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு வெயில் காயும், வெளிநாட்டுக்காரர்கள் முதலை என்று பாய்வார்கள். மீனுக்குப் பொரி விற்கிறார்கள், மீன் பிடிக்கத்தான் தடை. விடியக்காலையில் சுற்றி நடக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது, சிங்களம் தமிழ் இரண்டிலும் அரசியல் பேசிக்கொண்டு போவார்கள், அவர்களுக்குப் பின்னால் நடந்தால் பத்திரிகை வாங்கத் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே மலைச்சரிவில் எத்தனை கட்டிடம் கூடுகிறதோ அத்தனை மண்ணும் அழுக்கும் கீழே வந்து சேர்கிறது. சில மாதங்களில் தண்ணீர் பச்சையாகக் கட்டிப்போகும். வாவியிலிருந்து வெளியே போகிற மெத எல என்ற ஓடை, ஊர் நடுவால் ஓடி, எல்லாக் கழிவையும் சேர்த்துக்கொண்டு கட்டம்பைப் பக்கம் மகாவலியில் விழுகிறது. பெரஹெர முடிவில் நீர் வெட்டுகிற சடங்கு நடப்பதும் கட்டம்பையில்தான். ஊர்ப் பெரியவர்கள் இதை எப்படிச் சகிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அழுக்கை விடுகிற ஹோட்டல்களைப் பிடிக்காமல் வாவிக்கு அலங்காரம் செய்வதில் எந்தப் பிரயோசனமும் கிடையாது.

பெரஹெர நேரத்தில் வாவிக்கரைக்கு வேறு முகம். பத்து இரவு. தோட்டங்களிலிருந்து லொறியில் சனம் இறங்கும், பாயை விரித்து மத்தியானத்திலிருந்தே இடம் பிடிப்பார்கள். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நாலு தேவாலயப் பெரஹெரவும் தலதாவுக்குப் பின்னால் வரும். கதிர்காம தேவாலயத்துக் காவடி வருகிறபோது பாயில் இருக்கிற எங்கள் கிழவிகள் எழுந்து நின்று கும்பிடுவார்கள், பக்கத்தில் சிங்களக் கிழவிகளும் கும்பிடுவார்கள். கண்ணகியும் முருகனும் ஊர்வலம் போகிற தெருவில் யார் யாருடைய ராஜா என்று சண்டை போடுகிறவர்கள் அன்றைக்கு எங்கே இருப்பார்களோ தெரியாது. குயின்ஸ் ஹோட்டல் பால்கனியில் கதிரைக்கு விற்கிற விலைக்குத் தோட்டத்தில் ஒரு குடும்பம் மாதம் ஓட்டலாம். அதனால் பாய்தான் சரி.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. குயின்ஸ் முனையில் ‘வணக்கம் சார், கல்ச்சர் ஷோ, ஜெம் ஃபேக்டரி’ என்று தமிழிலேயே கூப்பிடுவார்கள், சிரித்துவிட்டு நடங்கள். காலையில் மேகச் சுவரோடு மாளிகைப் பக்கம் போய், மகுல் மடுவவைப் பார்த்து, மலபார் வீதியை ஒரு தடவை ஏறி இறங்கி, கிழக்கு முனையால் சுற்றித் தென்கரைக்கு வாருங்கள். மல்வத்தை விகாரைக்கு முன்னால் தண்ணீருக்குள் வட்டமாக ஒரு கட்டு தெரியும், பிக்குகள் குளிக்கக் கட்டியது. அங்கிருந்து மேலே ராஜபிஹில்ல மாவத்தைக்கு ஓட்டோ பிடிக்கலாம், பேரம் பேசிய பிறகு ஏறுங்கள். அந்த ரோட்டில் இந்தியக் கொடி பறக்கிற கட்டிடத்தைக் கண்டால் உங்கள் சொந்தத்தில் யாராவது சிலோன்காரர் இருக்கிறார்களா என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். நீலகிரிப் பக்கத்தவர்கள் என்றால் அநேகமாக இருப்பார்கள். தோட்டத்தின் பெயர் சொன்னால் பஸ் நம்பர் நான் சொல்கிறேன்.